இரண்டு போட்டுப் பாருங்கள்

என் ஆய்வேட்டின் அறுபத்தோராம் பக்கத்தில், மேலிருந்து ஏழாவது வரியில், ‘இதை எளிதில் காணலாம்’ என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. கணிதக்காரர்கள் இப்படி எழுதுவது வழக்கம்தான். வாசிப்பவரின் அறிவுக்குத் தரும் மரியாதை என்று வெளியே சொல்லிக்கொள்வோம். பாதி நேரம் எழுதுகிறவனின் சோம்பல் என்பதே நிஜம். என் விஷயத்தில் அது சோம்பல்கூட இல்லை. நான் காணத்தான் போனேன். போகப் போக, கண்டுவிடுவேன் என்று பயம் வந்தது. திரும்பி வந்து அந்த நான்கு சொற்களை எழுதினேன்.

இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பத்து வருடம் சாப்பிட்டவன் நான். கொஞ்சம் காது சூடானால் தப்பில்லை.

எங்கள் தொழில் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றிலிருந்து ஒரு பெரிய எண் வரைக்கும் குறிப்பிட்ட ஒரு வகை எண்கள் எத்தனை என்று கேட்பார்கள். அந்தப் பெரிய எண்ணுக்கு எக்ஸ் என்று பெயர். துல்லியமாகச் சொல்ல முடியாது. சுமார் இவ்வளவு என்று ஒரு சூத்திரம் சொல்லலாம். அந்தச் சுமார் எவ்வளவு பிசகும் என்று மேல்வரம்பு கட்டுவதுதான் வேலை. பிசகு இதைத் தாண்டாது என்பதற்கு ஓ என்ற ஆங்கில எழுத்தைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் ஒரு கோவையை எழுதுவோம். ஏதோ ஒரு மாறாத எண் இருக்கிறது, பிசகு அந்தக் கோவையின் அத்தனை மடங்குக்குள் அடங்கும் என்று அர்த்தம். எத்தனை மடங்கு? சொல்ல வேண்டியதில்லை. மூன்று மடங்காக இருக்கலாம், முப்பது லட்சம் மடங்காகவும் இருக்கலாம். எக்ஸ் முடிவிலியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்போது முப்பது லட்சமெல்லாம் தூசு.

அந்த மடங்குக்கு சி என்று பெயர் வைப்போம். ஒரு வரியில் சி என்றால் மூன்று. அடுத்த வரியில் எதையோ பெருக்கியதும் அது முப்பது. ஆனாலும் அதற்குப் பெயர் சிதான். ‘சி எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு அல்ல’ என்று முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதி வைத்துவிட்டால் அப்புறம் யாரும் கேட்கக் கூடாது. இந்தச் சலுகை வேறு எந்தத் தொழிலில் உண்டு என்று தெரியவில்லை. எங்கள் ஊர் பட்டுக்கடை ஒன்றில், முழக்கோலின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்று போர்டு வைத்துப் பாருங்கள், கல் விழும்.

எனக்கு அந்தச் சலுகை சின்ன வயதிலிருந்தே பழக்கம். நான் சின்னக் காஞ்சிபுரத்துக்காரன். பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது முன்னால் பிரபந்தம் சொல்லிக்கொண்டு போகும் கோஷ்டியில் எங்கள் குடும்பத்துக்கு இடம் உண்டு. பாசுரங்களை நான் ஒழுங்காகப் பாடம் பண்ணவில்லை. தெரிந்த வரி வந்தால் கணீரென்று சொல்வேன். தெரியாத வரி வந்தால் வாய் மட்டும் அசையும். இருபது குரலுக்கு நடுவில் ஒரு குரல் நின்றுபோனது யாருக்குத் தெரியும்? அடுத்த தெரிந்த வரியில் எல்லோருக்கும் முன்னால் நான்தான் எடுப்பேன். என் குரல் நன்றாக இருக்கிறது என்று பெயர்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். தினமும் காஞ்சிபுரத்திலிருந்து பஸ். எங்கள் பேராசிரியரிடம் நாங்கள் நான்கு பேர். எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவர் ஒரு பெண். திருமுக்கூடல்காரர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருமிடத்தில் அவர்களுக்குக் கழனி. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் அவர்தான். அதிகம் பேச மாட்டார். பேசினால் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும், அதில் அவர் சொல்லப் போவது முன்கூட்டியே எழுதியிருக்கும். மாலையில் சில நாள் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அவர் வாலாஜாபாத்தில் இறங்கி வேறு பஸ் பிடிப்பார்.

சனிக்கிழமை தோறும் பேராசிரியரின் அறையில் ஒருவர் கரும்பலகையில் எழுத, மற்றவர்கள் கேட்பது வழக்கம். துறையிலிருந்து வேறு சிலரும் வருவார்கள். அன்று என் முறை. ஆய்வேட்டின் முக்கியமான துணைத்தேற்றத்தை, எங்கள் பேச்சில் லெம்மா, எழுதினேன்.

அது இதுதான். பன்னிரண்டை இரண்டு எண்களின் பெருக்கலாக எத்தனை விதத்தில் எழுதலாம்? ஒன்றும் பன்னிரண்டும், இரண்டும் ஆறும், மூன்றும் நான்கும், இவற்றைத் திருப்பிப் போட்டால் இன்னும் மூன்று. ஆக ஆறு. இரண்டுக்குப் பதிலாக மூன்று எண்கள், நான்கு எண்கள், பொதுவாக கே எண்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு பெரிய எண்ணை எடுத்தாலும் இந்த வழிகளின் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும், ஒரு சிறிய கோவையின் சி மடங்குக்குள் அடங்கும் என்பது பழைய முடிவு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நான் செய்தது என்னவென்றால், கே இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே போகும்போதும் அதே சி போதும் என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கூட்டினேன். கூட்டியதில் பிசகுக்கு மிக அழகான வரம்பு கிடைத்தது. அந்த அழகுக்குத்தான் பேராசிரியர் மற்றவர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்துக் கையிலிருந்த சுண்ணாம்புத்தூளைத் தட்டினேன். அந்தப் பெண் எழுந்தார். நோட்டு கையில் இருந்தது.

“சார், எண் எதுவா இருந்தாலும்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு போட்டுப் பாருங்க சார். கே ஏற ஏற அது ஏறிக்கினே போவுது. சி மட்டும் எப்படி சார் அப்படியே நிக்கும்?”

கேள்வி எனக்கு உடனே புரியவில்லை. ஆனால் ஏதோ சரியான இடத்தில் ஊசி ஏறியது மட்டும் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. நான் சிரித்தேன்.

“எக்ஸ் முடிவிலிக்குப் போயிண்டிருக்கும்மா இங்க. ரெண்டு, மூணுன்னு விரல் விட்டு எண்றதுக்கு இது என்ன உங்க ஊர் கழனில நாத்துக்கட்டா?”

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் புன்னகைத்தார். அவர் நல்லவர், அந்தப் புன்னகை என் சாதுரியத்துக்கே தவிர அந்தப் பெண்ணை இழிவு பண்ண அல்ல என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கரும்பலகையை அழித்தேன். பதில் சொல்லாமலே பதில் சொன்னதாக ஆகிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் திமிர் பிடித்த ஒரு இளைஞனின் கதை, அவ்வளவுதான். முடியவில்லை. அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு தாளை மடியில் வைத்து எண் இரண்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டை மூன்று எண்களின் பெருக்கலாக எழுதினால், ஒரு இடத்தில் இரண்டு, மற்ற இடங்களில் ஒன்று. இரண்டை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு மூன்று வழி. நூறு எண்களின் பெருக்கலாக எழுதினால் நூறு வழி. ஆயிரம் என்றால்... நான் ஆயிரத்துக்குப் போகவில்லை. பூந்தமல்லி தாண்டியதும் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சின்ன எண்ணில் தொந்தரவு இருக்கலாம், பெரிய எண்ணில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். எவ்வளவு பெரிய எண் என்று அடுத்த கேள்வி வந்திருக்க வேண்டும். அதற்கும் கேயைப் பொறுத்துத்தான் பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆய்வேடு பச்சை ரெக்சின் அட்டையில் தங்க எழுத்துகளோடு தயாரானது. பட்டம் வந்தது. ஒரு ஆய்விதழிலும் வெளியாயிற்று.

அந்தப் பெண்ணுக்குப் பேராசிரியர் கொடுத்திருந்த வேலை, என் துணைத்தேற்றத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போவது. அது போகவில்லை. எப்படிப் போகும்? அடியில் பலகையே இல்லை. ஒன்றரை வருடம் முட்டி மோதிவிட்டு, அடித்தளத்தில்தான் ஏதோ கோளாறு என்று பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறார். பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். பட்டம் வாங்கி, காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் எனக்கு வேலையும் கிடைத்திருந்த நேரம்.

“அந்த லெம்மா சரிதானேப்பா?”

“சரியாத்தான் சார் இருக்கு. அவங்களுக்குப் பிடிபடலை.”

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. அடுத்த கோடை விடுமுறைக்குப் போன அந்தப் பெண் திரும்பி வரவில்லை. வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். ‘ஐயோ பாவம்’ என்று எல்லோருடனும் சேர்ந்து நானும் சொன்னேன். அந்த இரண்டு சொற்களை நினைத்தால் எனக்கு இன்றும் என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

பத்து வருடம் ஓடியது. கல்லூரியில் கம்ப்யூட்டர் துறைக்கு ஒருவர் புதிதாக வந்தார். பிள்ளையார்பாளையத்தில் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பம். வெளிநாட்டில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர்ப்பக்கம்தான் இருப்பேன் என்று வந்தவர். கணித நிரூபணத்தை வரி வரியாகச் சரிபார்க்கும் ஒரு ப்ரோக்ராமைக் குறுந்தகட்டில் கொண்டுவந்திருந்தார். நாம் எழுதுவதை அது நம்பாது. ஒவ்வொரு அடிக்கும் காரணம் கேட்கும். காரணம் இல்லையென்றால் நகராது.

“எங்க வீட்ல தறியில ஒரு இழை அறுந்தாக்கூட நிறுத்திடுவாங்க சார். இதுவும் அந்த ஜாதிதான்” என்றார். “நம்ம காலேஜ்ல இருந்து ஒரு பெரிய தேற்றத்த இதுல ஏத்திக் காட்டணும். உங்க தீசிஸ்ல இருக்கறதையே எடுத்துக்கலாமா சார்?”

அப்போது நான் என்ன நினைத்தேன்? பயந்திருக்க வேண்டும். இல்லை. பத்து வருடத்தில் நானே என் பொய்யை நம்பத் தொடங்கியிருந்தேன். இயந்திரம் சரிபார்த்த முதல் தேற்றம், அதுவும் என்னுடையது என்று மார்பு விம்மியது. உடனே பச்சை அட்டையைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். தவளை தன் வாயால் கெடும்.

வகுப்புகள் முடிந்தபின் கம்ப்யூட்டர் அறையில் உட்காருவோம். ஏசி அறை, செருப்பை வெளியே விட வேண்டும். முதல் இரண்டு மாதம் சிரிப்பாகத்தான் போனது. ஒன்றைவிடப் பெரிய எண்ணின் லாக் நேர்ம எண் என்பதைக்கூட அதற்கு விளக்க வேண்டியிருந்தது. ‘எக்ஸ் போதுமான அளவு பெரிதானால்’ என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் எவ்வளவு பெரிது என்று மறித்து நின்றது. எங்கெல்லாம் சி என்று எழுதியிருந்தேனோ அங்கெல்லாம் அவர் சி ஒன்று, சி இரண்டு என்று தனித்தனியாகப் பெயர் வைத்தார். நாற்பத்து மூன்று சி வந்தன. கோஷ்டியில் ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்தி வைத்துச் சொல்லச் சொல்வது போலிருந்தது. கரண்ட் போனால் யூபிஎஸ் கத்த ஆரம்பிக்கும்; அப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போவோம்.

பிறகு அறுபத்தோராம் பக்கம் வந்தது.

“சார், இங்க ஒண்ணு கேக்கணும். சி-ய முதல்ல எடுத்துட்டு அப்புறம் எல்லா கே-க்கும்னு எழுதணுமா, இல்ல ஒவ்வொரு கே-க்கும் ஒரு சி-யா?”

கையில் டீ டம்ளர் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் கேட்ட அதே கேள்வி. இந்த முறை நாற்றுக்கட்டு என்று சொல்ல முடியாது. எதிரே இருந்தது ஒரு பெட்டி. அதற்கு ஊரும் கிடையாது, கழனியும் கிடையாது.

“சிதான் முதல்ல” என்றேன்.

அவர் அப்படியே எழுதினார். ப்ரோக்ராம் ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டி, இதை நிரூபி என்று நின்றுவிட்டது. அடுத்த நாளும் அதே வரி. அவர் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டார். டைப் அடித்ததில் எங்கோ கோளாறு என்று முந்தின பக்கங்களையெல்லாம் மறுபடி பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தேடினேன். தேடினேன் என்றா சொன்னேன்? தேடுவது போல வாயசைத்தேன். மூன்று வாரம். ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அந்த மனிதர் மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமல் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே நான் என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கியதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை வகுப்பறைக்கே ஓடி வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“சிம்பிள் சார்! நிரூபிக்க வரல, சரி, தப்புன்னு நிரூபிச்சுப் பாப்போம்னு திருப்பிப் போட்டேன். ரெண்டே வரியில ஏத்துக்கிச்சு. ரெண்டு போட்டாப் போதும் சார்!”

தப்பு கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு. அது என் தப்பு என்பதே அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. தேற்றம் சாகாது, கேயைக் குறைவான தூரத்துக்குக் கூட்டினால் கொஞ்சம் மோசமான வரம்போடு பிழைத்துக்கொள்ளும் என்று அவரே ஆறுதலும் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: “இத்தன வருஷத்துல யாருமே இதக் கேக்கலியா சார்?”

“இல்லை” என்றேன்.

அந்த ‘இல்லை’ எனக்கு முயற்சியே இல்லாமல் வந்தது. முதல் பொய்க்கு இளமை, பட்டம், வேலை என்று ஏதாவது சாக்கு சொல்லலாம். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டு, யாரும் மிரட்டாமல், நிற்கிற நிலையில் சொன்ன இந்தப் பொய்க்கு ஒரு சாக்கும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்காமல், சவரம் செய்யாமலே இரண்டு நாள் கல்லூரிக்குப் போனேன்.

ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். முடிவில் நன்றி. கம்ப்யூட்டர் நண்பரின் பெயர், அந்த ப்ரோக்ராமின் பெயர், காலமாகிவிட்ட எங்கள் பேராசிரியரின் பெயர். அதற்கு மேலே ஒரு வாக்கியம்: ‘இப்பிழையை ஒரு சக ஆய்வாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார்.’ அந்த வாக்கியத்தை எழுத நான்கு நாள் ஆயிற்று. எழுதியதும் பெரிய யோக்கியன் ஆகிவிட்டது போல ஒரு நிம்மதி.

நண்பர் படித்தார். அந்த வரியில் நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று வாரம் வீணாய்ப் போனது அவருக்கு அப்போது புரிந்திருக்கும். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அவங்களுக்குத் தெரியுமா சார்?” என்று மட்டும் கேட்டார்.

தெரியாமல் என்ன, அவர்தானே சொன்னவர் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் போய்ச் சொல்ல வேண்டியது நான்தான் என்பதும் புரிந்தது. எங்கே போய்ப் பார்ப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்குக் கிளம்புவார். பழையசீவரம் மலையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பிற்பகலில் பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடல் கோயிலுக்கு எழுந்தருளுவார். சுற்று வட்டாரத்துப் பெருமாள்களும் அங்கே வந்து சேருவார்கள். நாங்கள் கோஷ்டியாகக் கூடவே போவோம். ஊர் முழுக்க வழியில் திரண்டு நிற்கும். அந்தப் பெண்ணும் ஒவ்வொரு வருடமும் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் தன் அப்பாவோடு நிற்பார். என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையசைப்பார். நான் அந்த இடம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாசுரத்தில் உருகிவிடுவேன். பக்தி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்த வருடம், இன்னும் அனுப்பாத திருத்தத்தின் நகல் என் இடுப்பில், வேஷ்டி மடிப்பில் இருந்தது. வாசல் நெருங்கியது. கண்ணை மூடவில்லை. கோஷ்டியிலிருந்து விலகினேன்.

“என்ன ஸ்வாமி, எங்கே கிளம்பிட்டீர்?” என்று பக்கத்தில் வந்தவர் கேட்டார். வாசலைப் பார்த்து நடந்தேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார். நான் கடந்து போகப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார். எதிரே போய் நின்றதும் குழம்பிப் போனார். அவருடைய அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரியவர் எனக்கு முன்னால் துண்டை எடுத்தது எனக்குச் சாட்டையடி.

“நீங்க அன்னிக்குச் சொன்னது சரிம்மா. ரெண்டு போட்டா அந்த லெம்மா நிக்காது. அன்னிக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சார்கிட்டப் பொய் சொன்னேன்.”

மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது அவ்வளவுதான். தாளை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். மேளச் சத்தம் உள்ளே போய்விட்டது. அவர் கோபப்படுவார் என்றும், அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் தயாராகப் போயிருந்தேன். இத்தனை வருடமும் தான் சரி என்று தெரிந்த ஒருவர், என்னை மனசுக்குள் திட்டிக்கொண்டு வாழ்ந்திருப்பார் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒரு சௌகரியம் இருந்தது.

அவர் முகத்தில் கோபமே இல்லை. யாரோ ஒருவரைப் பற்றிப் படிப்பது போலப் படித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நான் தப்பில்லியா சார்?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“எனக்குத்தான் முடிவிலி புரியலன்னு நெனச்சிக்கினேன் சார். எல்லாரும் சிரிச்சீங்களே. ஊருக்கு வந்து எத்தினியோ வாட்டி ரெண்டு போட்டுப் பாத்தேன். அப்பவும் ஏறிக்கினேதான் போச்சு. அப்பகூட எனக்குத்தான் ஏதோ புரியலன்னு விட்டுட்டேன். பத்தாவதுக்குக் கணக்கு எடுங்கன்னு ஸ்கூல்ல ரெண்டு வாட்டி சொன்னாங்க. வேணாம்னுட்டேன். ஏழாவது, எட்டாவதே போதும், பெரிய கணக்கு நமக்கு வராதுன்னு.”

அவருடைய அப்பாவுக்கு என்ன புரிந்ததோ, “என்னாம்மா சொல்றாரு சாமி?” என்றார்.

“ஒண்ணும் இல்லப்பா. நான் போட்ட கணக்கு சரின்னு சொல்றாரு.”

“அதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தாரு?” என்று அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பூமி அப்படியெல்லாம் உதவி செய்வதில்லை.

அந்தப் பெண் தாளின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். கீழே நன்றி எழுதியிருந்த இடத்தில் விரல் வைத்து, பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் பார்ப்பது போல வரி வரியாக இறங்கினார். விரல் நின்றது.

“நம்ம சார் பேரு இருக்குது. உங்க ஃப்ரெண்டு பேரு இருக்குது. அந்தக் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமுக்குக்கூட ஒரு பேரு இருக்குது.” நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை. “எனக்கு எங்க சார்?”

‘ஒரு சக ஆய்வாளர்.’ நான்கு நாள் செலவழித்து எழுதிய வாக்கியம். யோக்கியன் ஆகிவிட்டேன் என்று நிம்மதிப்பட்ட வாக்கியம். அங்கேயும் நான் வாய் மட்டும்தான் அசைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. அது வேறு கணக்கு. அங்கே எழுதியிருக்க வேண்டும்.

“இப்பவே எழுதறேன்மா” என்றேன். பேனா என்னிடம் இல்லை. அவர் தன் கைப்பையிலிருந்து சிவப்பு மை பேனா ஒன்றை எடுத்துக் கொடுத்தார், விடைத்தாள் திருத்துவது. எழுதுவதற்கு மேடை எதுவும் இல்லாமல், தாளைக் கோயில் சுவரில் வைத்தேன். பழைய கல்வெட்டு எழுத்துகள் பொறித்த சுவர். பேனா குழியில் இறங்கித் தாளில் ஒரு ஓட்டை விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்து, ‘ஒரு சக ஆய்வாளர்’ என்பதை அடித்துவிட்டு மேலே எழுதப் போனேன்.

உள்ளேயிருந்து கோஷ்டியின் குரல் கேட்டது. எனக்குத் தெரிந்த பாசுரம்தான். நான் இல்லாமல் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

ஆய்விதழில் பெயர் வரும்போது இனிஷியலோடு வர வேண்டும். நான்கு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறோம். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு இரண்டு வரி கீழே அவர் பெயர் இனிஷியலோடு தினமும் இருந்திருக்கிறது. பேனா தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றுவிட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“இனிஷியல் என்னம்மா?”